மயிலை வணங்கும் யசீதிகள் முருக பக்தர்களா?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. ஈராக்கில் முஸ்லிம்களுக்கு நடுவே வாழும் யசீதிகள் மயிலை வணங்குகிறார்கள், மறுபிறப்பை நம்புகிறார்கள், தங்கள் பிரிவுக்குள்ளேயே கலியாணம் செய்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் பழைய முருக பக்தர்கள்தானே என்பது முதலாவது. இஸ்லாமிய சமூகத்துக்குள் இத்தனை நூற்றாண்டு எப்படித் தப்பிப் பிழைத்தார்கள் என்பது இரண்டாவது. அவர்களைத் திரும்ப இந்துக்களோடு சேர்த்துக்கொள்ள முடியாதா என்பது மூன்றாவது. யசீதிகள் ஆறாயிரம் வருடப் பழைமையுள்ள முருக பக்தர்கள் என்று சொல்லி, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோவை எனக்கும் பலர் அனுப்பிவிட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. யசீதிகளுக்கும் முருகனுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருப்பதாகக் காட்ட ஒரு சான்றும் இல்லை. வீடியோவில் வரும் சுவர் ஓவியத்தில் சேலை உடுத்த பெண் ஒருத்தி மயில் விளக்கு ஏற்றுகிறாள். ஒரு சுவரில் இருக்கும் ஓவியம் எப்போது, யார் கையால் தீட்டப்பட்டது என்று கேட்காமல் அதை ஆறாயிரம் வருடத்துக்குச் சாட்சியாக நிறுத்தினால், நாளைக்கு எங்கள் ஊர்த் தேநீர்க்கடைச் சுவரில் இருக்கும் சுவிஸ் மலைப் படத்தை வைத்து அல்ப்ஸ் மலையும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தது என்று ஒருவர் நிறுவிவிடலாம்.

சரி, அவர்கள் உண்மையில் எதை நம்புகிறார்கள்?

கடவுள் ஒருவர். அவர் தன் ஒளியிலிருந்து ஒரு வெண்முத்தைப் படைத்தார், அது வெடித்து உலகம் உண்டானது. பிறகு உலகத்தை ஏழு வானவர்களின் பொறுப்பில் விட்டார். அந்த ஏழு பேருக்கும் தலைவர்தான் தாவூசி மலக், மயில் வானவர். உலகம் முதலில் நீராகவே கிடந்தது; லாலிஷ் என்னும் பள்ளத்தாக்கு இறங்கியதும் பாலில் உறை விட்டதுபோல நிலம் இறுகியது என்று அவர்களுடைய பாடல்கள் சொல்கின்றன. அந்த லாலிஷ் இன்றைக்கும் இருக்கிறது. மொசூலுக்கு வடக்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன இடம். கூம்பு வடிவில், மடிப்பு மடிப்பாகச் செதுக்கிய கோபுரங்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். வாசற்படியை மிதிக்கக்கூடாது, தாண்டித்தான் கால் வைக்கவேண்டும். வாசற்கதவுக்குப் பக்கத்தில் கல்லில் ஒரு கறுத்தப் பாம்பு நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே தூண்களில் பட்டுத் துணிகள் கட்டியிருக்கும். முன்னே வந்தவர் போட்ட முடிச்சு ஒன்றை அவிழ்த்து, தன் வேண்டுதலை நினைத்துக்கொண்டு புது முடிச்சுப் போடுவார்கள். ஒலிவ் எண்ணெயில் திரி எரியும். அங்கே இரண்டு ஊற்றுகள் உண்டு, ஒன்றின் பெயர் ஸம்ஸம். வெள்ளை ஊற்று என்ற மற்றதில்தான் பிள்ளைகளுக்குத் தலையில் நீர் வார்த்து ஞானஸ்நானம் போன்ற ஒரு சடங்கு செய்கிறார்கள். அந்த மண்ணைக் குழைத்து உருட்டிய சிறு உருண்டைகளை எங்கள் வீட்டுத் திருநீற்றுப் பொட்டலத்தைப்போலப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள்.

இந்தச் சின்ன வர்ணனையிலேயே எத்தனை மதங்களின் வாசம் அடிக்கிறது பாருங்கள். ஸம்ஸம் மக்காவில் இருக்கும் கிணற்றின் பெயர். தண்ணீர்ச் சடங்கு கிறிஸ்தவர்களுக்கும், தெற்கு ஈராக்கின் மந்தேயர் என்ற சிறுபான்மை மதத்தவர்களுக்கும் உள்ளது. முடிச்சு எங்கள் கோயில் மரங்களிலும் தொங்குகிறது. விளக்கு எங்கேதான் இல்லை?

மயிலுக்கு வருவோம். நல்லூரில் மூலஸ்தானத்தில் இருப்பது வேல். மயில் வாகனம். கந்தபுராணம் படிக்கக் கேட்டு வளர்ந்த யாருக்கும் தெரியும், மாமரமாய் நின்ற சூரபன்மன் இரு கூறாகி, ஒன்று சேவலும் மற்றது மயிலும் ஆனது. அதாவது எங்கள் மயில், வெல்லப்பட்டு அருள் பெற்ற ஒரு எதிரி. யசீதிகளின் மயில் யாரையும் சுமக்கவில்லை. அதுவே உலகை நடத்தும் தலைமை வானவர். கதையும் வேறு, இடமும் வேறு. அவர்களிடம் இருப்பது சஞ்சக் என்ற பித்தளைப் பறவை. குத்துவிளக்கின் தண்டுபோன்ற காலில் நிற்கும், கழற்றிப் பூட்டலாம். கவ்வால்கள் எனப்படும் பரம்பரைப் பாடகர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய், புனிதப் பாடல்களைப் பாடி, காணிக்கை வாங்கி வருவார்கள். படத்தில் பார்த்தால் எங்கள் வீட்டு விளக்கு என்றே தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் எல்லாரும் விழுகிறார்கள்.

அந்த வீடியோ செய்தவர் கொஞ்சம் படித்திருந்தால் மயிலைவிட நல்ல சரக்கு அவருக்குக் கிடைத்திருக்கும். யசீதிகள் தாங்கள் ஆதாமின் வித்திலிருந்து, ஏவாளின் பங்கில்லாமல், ஒரு சாடியில் பிறந்த பிள்ளையின் வம்சம் என்கிறார்கள். குடத்தில் பிறந்த அகத்தியர் உடனே ஞாபகத்துக்கு வருகிறாரா? மறுபிறப்பைச் 'சட்டை மாற்றுவது' என்கிறார்கள். கீதையில் பழைய ஆடையைக் களையும் உவமை வருகிறதே! ஆனால் லெபனானிலும் சிரியாவிலும் இருக்கும் துரூசியரும் இதே சட்டை உவமையைத்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய மதம் 11ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஃபாத்திமியக் கலீபா ஹாக்கிமின் காலத்தில், ஷியா இஸ்லாத்தின் ஒரு கிளையிலிருந்து பிறந்தது. உடம்பைச் சட்டையாக நினைக்க மனிதனுக்கு இந்தியாவுக்கு வந்துபோன ஆள் தேவையில்லை.

இனி, அது எங்கிருந்துதான் வந்தது? இங்கே கைக்கு அகப்படும் ஒரு மனிதர் இருக்கிறார். ஷேக் அதி இப்னு முஸாஃபிர். 1070களில், இன்றைய லெபனானின் பால்பெக் பக்கத்து ஊரொன்றில் பிறந்த அரபு முஸ்லிம். பழைய கலீபாக்களின் உமையா வம்சத்தவர். பக்தாதில் படித்தார். இமாம் கஸ்ஸாலி, முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி ஆகியோர் வாழ்ந்த காலத்துச் சூஃபி. பிறகு நகரத்தை விட்டுக் குர்திய மலைகளுக்குப் போய் லாலிஷில் தங்கினார். 1160களின் தொடக்கத்தில் அங்கேயே இறந்தார், அங்கேயே அடக்கம். லாலிஷின் மையமே அவருடைய சமாதிதான். அவர் எழுதியதாகக் கிடைப்பவற்றைப் படித்தால் சுத்தமான சுன்னி முஸ்லிமின் எழுத்து. மயிலும் இல்லை, முத்தும் இல்லை.

ஆனால் அவரைச் சுற்றி இருந்த மலைவாசிகளிடம் அவர்களுடைய பழைய வழக்கங்கள் இருந்தன. சூரியனை நோக்கி வணங்குவது, இலையுதிர் காலத்தில் காளை பலியிடுவது, ஏழு வானவர் நம்பிக்கை. இவையெல்லாம் இஸ்லாத்துக்கு முன்னே மேற்கு ஈரானியப் பகுதியில் இருந்த ஒரு மதத்தின் மிச்சம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அதற்கு ஒரு நல்ல காரணம், மேற்கு ஈரானில் வாழும் யார்சான் என்ற இன்னொரு குர்தியச் சிறுபான்மையிடமும் அதே ஏழு பேர், அதே மறுபிறப்பு, அதேபோல வாய்மொழிப் பாடல்கள் இருக்கின்றன. இரண்டு குழுவும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை. அடியில் ஒரே மண் இருந்திருக்கவேண்டும். அந்த மண்ணில் சூஃபித்துவம் விழுந்தது.

மயிலுக்கு இஸ்லாத்துக்குள்ளேயே ஒரு வேர் உண்டு. ஆதாமுக்குப் பணிய மறுத்துச் சாத்தானாகிப்போன இப்லீஸின் கதை உங்களுக்குத் தெரியும். முஸ்லிம் நாட்டார் கதைகளில் இப்லீஸைச் சுவர்க்கத்துக்குள் விட்டதில் பாம்போடு மயிலுக்கும் பங்கு உண்டு. 922இல் பக்தாதில் கொல்லப்பட்ட ஹல்லாஜ் முதல், கஸ்ஸாலியின் தம்பி அஹ்மத் கஸ்ஸாலி வரை சில சூஃபிகள் இப்லீஸைத் தலைகீழாகப் பார்த்தார்கள். கடவுளைத் தவிர யாருக்கும் பணியமாட்டேன் என்றவன்தானே, அவனைவிடக் கடவுள்மேல் காதல் கொண்டவன் யார் என்று கேட்டார்கள். அந்தச் சிந்தனை சுற்றிய அதே பக்தாதிலிருந்துதான் அதி மலைக்குப் போனார். இதை வைத்து யசீதிகளைச் சாத்தானை வணங்குபவர்கள் என்று சொல்வது பெரும் அநியாயம். அவர்களுடைய நம்பிக்கையில் தாவூசி மலக் கெட்டவரே அல்ல, நரகத்தின் அதிபதியும் அல்ல. அந்தக் கெட்ட பெயரை வாயால் சொல்வதே அவர்களுக்குத் தோஷம். யசீதி ஒருவரைச் சந்தித்தால் அந்தச் சொல்லை அவர் முன் சொல்லிவிடாதீர்கள்.

எப்போது தனி மதமானது? ஒரே நாளில் இல்லை. 1254இல் அதியின் வம்சத்து ஷேக் ஹசனை மொசூல் ஆட்சியாளர் பத்ருத்தீன் லூலு கொன்றார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1328இல் இறந்த கண்டிப்பான மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா அதியின் சீடர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவோடு பெயர் சேர்ந்துவிட்ட உமையா கலீபா யசீதையும் ஷேக் அதியையும் அளவுமீறிப் புகழாதீர்கள் என்று கண்டிக்கிறார். ஆனால் பேசுவது முஸ்லிம்களோடு பேசும் தொனியில்தான். இப்னு தைமிய்யா யாருக்கும் தயவு காட்டும் ஆள் இல்லை. அவரே அவர்களை உள்ளே வைத்துப் பேசினார் என்றால், அப்போது இன்னும் கோடு கீறப்படவில்லை. 1414இல் பக்கத்து ஆட்சியாளர்களின் படை வந்து அதியின் சமாதியை உடைத்தபோது, வந்தவர்கள் அவர்களை முஸ்லிம்களாக நினைக்கவில்லை. இடையில் நூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைத்தான் நான் யசீதி மதத்தின் பிறப்பு என்பேன். உள்ளே இருந்தவர்கள் விலகியதும், வெளியே இருந்தவர்கள் தள்ளியதும் ஒன்றாகவே நடந்தன.

இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் கதவு திறக்கிறது. 'முஸ்லிம் சமூகத்தில் மற்ற மதத்தவர்' என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. சட்டம் எப்படிப் பிரித்தது என்று பார்க்கவேண்டும். குர்ஆனில் யூதர், கிறிஸ்தவர், சாபியர் மூவரையும் சேர்த்துச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு (2:62). வேதம் உடையவர்கள் ஜிஸ்யா வரி கட்டி, சில தாழ்வுகளை ஏற்று, தங்கள் மதத்தில் இருக்கலாம். ஈரானின் ஜரதுஷ்டிரர்களுக்கும் அந்த இடம் கிடைத்தது. 8ஆம் நூற்றாண்டில் சிந்துவை வென்ற முஹம்மத் பின் காசிம் அங்கிருந்த பிராமணர்களுக்கும் பௌத்தர்களுக்கும் கிட்டத்தட்ட அதே ஏற்பாட்டைச் செய்ததாகச் சச்நாமா என்ற பாரசீக வரலாற்று நூல் சொல்கிறது. ஆக, பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கும் நடைமுறையில் வழி திறந்தது.

ஆனால் வழி திறக்க நீங்கள் யார் என்று சொல்லியாகவேண்டும். 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் புத்தக வணிகராக இருந்த இப்னு நதீம் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். 830 வாக்கில் கலீபா மஃமூன் பைசாந்தியத்துக்கு எதிராகப் படையெடுத்துப் போகும் வழியில் ஹர்ரான் என்ற ஊரைக் கடந்தார். நீண்ட முடியும் விசித்திர உடையுமாக ஒரு கூட்டம் அவரை வாழ்த்த வந்தது. கோள்களை வணங்கிவந்த பழைய மதத்தவர்கள். நீங்கள் கிறிஸ்தவர்களா? இல்லை. யூதர்களா? இல்லை. மஜூசிகளா, அதாவது ஜரதுஷ்டிரர்களா? இல்லை. வேதமோ நபியோ உண்டா? வாய்க்குள்ளே முணுமுணுத்தார்கள். நான் திரும்பி வருவதற்குள் முஸ்லிமாகுங்கள், அல்லது குர்ஆனில் பெயருள்ள ஒரு மதத்தில் சேருங்கள், இல்லாவிட்டால் தலை தப்பாது என்று சொல்லிவிட்டுக் கலீபா போனார். சிலர் கிறிஸ்தவரானார்கள், சிலர் முஸ்லிமானார்கள். மிச்சப் பேர் ஊரில் இருந்த ஒரு சட்ட அறிஞரிடம் காசு கொடுத்து யோசனை கேட்டார்கள். அவர் சொன்னார், 'கலீபா வந்தால் நாங்கள் சாபியர் என்று சொல்லுங்கள். குர்ஆனில் அந்தப் பெயர் இருக்கிறது, யார் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.' மஃமூன் 833இல் அந்தப் பயணத்தின் முடிவிலேயே இறந்துபோனார், திரும்பி வரவேயில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கதையில் ஓரளவு ஜோடனை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஹர்ரானிலிருந்து வந்து பக்தாதில் பெயரெடுத்த கணித மேதை தாபித் இப்னு குர்ரா, 901இல் சாகும்வரை சாபியராகவே இருந்தார் என்பது கதை இல்லை.

தெற்கு ஈராக்கின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த மந்தேயர்களும் சாபியர் என்ற பெயரால்தான் பாதுகாப்புப் பெற்றார்கள். வெள்ளை உடுத்து, ஓடும் தண்ணீரில் மூழ்கிச் சடங்கு செய்கிறவர்கள். வெள்ளி வேலையில் பெயர் போனவர்கள். அவர்களிடம் கின்ஸா ரப்பா என்ற வேதம் இருந்தது, நபியாக யஹ்யாவை, கிறிஸ்தவர்கள் சொல்லும் ஸ்நாபக யோவானைக் காட்ட முடிந்தது. கேட்ட கேள்விக்கு ஏற்ற பதில் கையில் இருந்தது.

யசீதிகளிடம் அந்தப் பதில் இல்லை. எல்லாம் வாய்மொழி. கவ்வால்களின் நெஞ்சில் இருக்கும் பாடல்தான் வேதம். பொதுவாக எழுதுவதையே அவர்கள் விரும்பவில்லை. இதைவிடப் பெரிய சங்கடம், அவர்களுடைய முதன்மைப் பெரியவர் ஒரு முஸ்லிம் ஞானி. ஆகவே மௌலவிகளின் பார்வையில் அவர்கள் வேறு மதத்தவர் அல்ல, இஸ்லாத்தை விட்டு ஓடிய முர்தத்கள். வேறு மதத்தவனுக்கு வரி, முர்தத்துக்கு வாள். முஸ்லிமாக ஒருபோதும் இராதவனைவிட, ஒருகாலத்தில் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவனுக்கு ஆபத்து அதிகம். கிறிஸ்தவர்களும் யூதர்களும் வாழ்ந்த அதே மாகாணத்தில் யசீதிகள்மேல் படையெடுப்புக்குமேல் படையெடுப்பு வந்ததற்கு இது முக்கிய காரணம். நிலமும் வரியும் கொள்ளையும் மற்றக் காரணங்கள். 1832இல் ரவாந்துஸின் குர்திய அமீர் நடத்திய படுகொலை, 1892இல் ஒஸ்மானியத் தளபதி உமர் வஹ்பி பாஷா நடத்திய கட்டாய மதமாற்றம் என்று ஒவ்வொன்றையும் அவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். 2014இல் ஐஎஸ் நடத்தியது 74ஆவது என்பார்கள்.

1872இல் ஒஸ்மானிய அரசு யசீதி இளைஞர்களைப் படைக்கு எடுக்க முயன்றபோது அவர்களுடைய தலைவர்கள் 14 அம்சங்கள் கொண்ட ஒரு மனுக் கொடுத்தார்கள். மயிலின் திருவுருவத்தை வருடத்தில் மூன்று தடவை தரிசிக்கவேண்டும்; ஒரு வருடத்துக்குமேல் ஊரை விட்டிருந்தால் மனைவி அவனுக்கு மனைவி இல்லை; அந்தத் தகாத பெயரைக் காதால் கேட்கக்கூடாது; பிறமதத்தவரின் சீப்பையோ கரண்டியையோ பாவிக்கக்கூடாது என்று போகிறது பட்டியல். படைமுகாமில் இருந்துகொண்டு இதில் ஒன்றையாவது கடைப்பிடிக்க முடியுமா? முடியாதபடிதான் எழுதியிருக்கிறார்கள். தங்கள் மதத்தைத் தாங்களே வரிசைப்படுத்தி எழுதிய பழைய ஆவணங்களில் இது ஒன்று. எழுத வைத்தது பக்தி இல்லை, ஆட்சேர்ப்பு. பாதிரிமார் வினாவிடைப் புத்தகத்தோடு யாழ்ப்பாணம் வந்திராவிட்டால் நாவலர் சைவ வினாவிடையை அந்த வடிவில் எழுதியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். கேட்கிறவனின் கேள்வி பதிலின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. இதே அழுத்தத்தின் இன்னொரு விளைவு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'யசீதிகளின் புனித நூல்கள்' என்று இரண்டு நூல்கள் சந்தைக்கு வந்தது. உள்ளே உண்மையான மரபுச் செய்திகள் உண்டு, ஆனால் நூலாக ஆக்கியது வெளியார் கை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுக் கருத்து.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 2014 ஓகஸ்ட் 3 அன்று ஐஎஸ் இயக்கம் வடமேற்கு ஈராக்கில் யசீதிகள் வாழும் சிஞ்சாருக்குள் நுழைந்தது. ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது, 6,000க்கும் மேற்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனது. கோச்சோ என்ற கிராமத்திலிருந்து அப்படிக் கொண்டுபோகப்பட்ட நாதியா முராதுக்குத்தான் 2018இல் சமாதான நொபெல் பரிசு கிடைத்தது. ஐநாவின் விசாரணை ஆணைக்குழு இதை இனப்படுகொலை என்று 2016இல் அறிவித்தது. இதெல்லாம் செய்தியில் வந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அந்த ஒக்டோபரில் ஐஎஸ் தன் இதழில் ஒரு கட்டுரை போட்டது. யசீதிகள் ஆதியில் இணைவைப்போரா, அல்லது முஸ்லிம்களாக இருந்து மாறியவர்களா என்று தங்கள் சட்ட மாணவர்களைக் கொண்டு முன்கூட்டியே ஆராய்ந்ததாம். முர்தத் என்று முடிவு வந்தால் பெண்களை அடிமையாக்க முடியாது என்பது அவர்களுடைய கணக்கு. ஆதியிலிருந்தே இணைவைப்போர் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவின்மேல்தான் அடிமைச் சந்தை நடந்தது.

'அவர்களுடைய ஆதி மதம் எது' என்ற கேள்வியை நாங்கள் பொழுதுபோக்காகக் கேட்கிறோம், தம்பி. அவர்களுக்கு அது அப்படி இருந்ததேயில்லை. சதாமின் பாத் கட்சி அவர்களை அரபியர் என்று பதிந்தது. குர்திய தேசியவாதிகள் கலப்பில்லாத ஆதிக் குர்தியர் என்று கொண்டாடினார்கள். இப்போது நாங்கள் வேறு, முருகனோடு வரிசையில் நிற்கிறோம்.

தப்பிப் பிழைத்ததற்கு வருகிறேன். மலை ஒரு காரணம். தங்களுக்குள்ளே மட்டும் கலியாணம் என்ற கட்டுப்பாடு இன்னொரு காரணம். ஷேக், பீர், முரீத் என்று மூன்று பிரிவு, ஒன்றுக்கொன்று கொள்வனை கொடுப்பனை இல்லை. ஆனால் வெறும் மதிலால் யாரும் எண்ணூறு வருடம் வாழ்ந்துவிட முடியாது. அவர்களிடம் கிரீவ் என்று ஒரு உறவு இருக்கிறது. ஆண்பிள்ளைக்குச் சுன்னத்துச் செய்யும்போது (யசீதிகளும் செய்கிறார்கள்) அவனை ஒருவர் மடியில் இருத்திப் பிடித்துக்கொள்வார். இரத்தம் அவர் மடித்துணியில் படும். அன்று முதல் இரண்டு குடும்பமும் இரத்த உறவு, தலைமுறைகளுக்கு ஒன்றுக்குள் ஒன்று கலியாணம் செய்யமுடியாது. இந்த இடத்துக்கு யசீதிகள் அநேகமாகப் பக்கத்து ஊர் முஸ்லிம் ஒருவரையே அழைப்பார்கள். எப்படியும் அவர்களோடு சம்பந்தம் செய்யப்போவதில்லை, அதனால் கலியாணத் தடையால் நட்டமில்லை. ஆபத்து நேரத்தில் கூப்பிட ஒரு வீடு கிடைக்கிறது. எனக்கு இது அவர்களுடைய எந்தத் தத்துவத்தையும்விடப் புத்திசாலித்தனமான ஏற்பாடாகப் படுகிறது. 2014இல் சில கிரீவ்கள் வாகனம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். சிலர் வந்தவர்களோடு சேர்ந்து வீட்டைக் காட்டிக் கொடுத்தார்கள். இரண்டையும் தப்பி வந்தவர்களே சொல்கிறார்கள். மறுபக்கமும் ஒன்றைச் சொல்லவேண்டும்: 1915இல் ஆர்மேனியரும் அசீரியரும் உயிர் தப்பி ஓடிவந்தபோது சிஞ்சார் மலையில் இடம் கொடுத்தவர்கள் இந்த யசீதிகள்.

'முஸ்லிம் நாட்டில் சிறுபான்மை' என்று நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதும்போது ஒரு அடக்கம் வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் சிறுபான்மை முஸ்லிம்கள். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று ஆசியக் கழகத்தில் கட்டுரை வாசித்தார். நீங்களும் எங்கள் ஆட்கள்தான் என்று அன்பாகக் கேட்கிறது, இல்லையா? ஆனால் சட்டநிருபண சபையில் சோனகருக்குத் தனி இடம் வேண்டுமா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் அங்கே தமிழர் பிரதிநிதி. சோனகர் தரப்பில் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு நூலே வெளியிட்டார். மூலம் பற்றிய வாதம் எப்போதும் ஒரு கதிரையைப் பற்றியதாகவும் இருக்கும். எண்பது வருடம் கழித்து, 1990 ஒக்டோபர் 30 அன்று, ஒலிபெருக்கி கட்டிச் சோனகத் தெரு முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகும்படி புலிகள் உத்தரவிட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் இறங்கினார்கள். அவர்கள் பேசியது தமிழ்தான். 'நீங்களும் தமிழர்' என்ற நூறு வருட வாதம் அன்றைக்கு ஒருவரையும் காப்பாற்றவில்லை. இதைச் சிஞ்சாரோடு ஒப்பிடவில்லை. நடந்தவற்றின் அளவும் தன்மையும் வேறு. ஆனால் பெரும்பான்மை எந்த மதம் என்பதை மட்டும் வைத்து இந்த விஷயங்களை விளக்கமுடியாது என்பதற்கு சோனகத் தெருப் பக்கத்து ஐந்து சந்திவரை போய் வந்தால் போதும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சின்னது. சேர்த்துக்கொள்ள முடியாது, அவர்கள் வரவும் மாட்டார்கள். தாய் தகப்பன் இருவரும் யசீதியாக இருந்தால்தான் பிள்ளை யசீதி. வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே போகமுடியாது. வெளியே கலியாணம் செய்தவர் திரும்பி வரவும் முடியாது. இந்தக் கட்டுப்பாடு 2014க்குப் பிறகு முதல் தடவையாகக் கொஞ்சம் அசைந்தது. கடத்தப்பட்டு, கட்டாய மதமாற்றத்துக்கும் வல்லுறவுக்கும் ஆளான பெண்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அப்போதைய பாபா ஷேக், அதாவது அவர்களுடைய ஆன்மிகத் தலைவர், அவர்கள் எங்கள் பிள்ளைகள், அவர்களிடம் எந்தக் குறையும் இல்லை என்று அறிவித்தார். வெள்ளை ஊற்றுத் தண்ணீரை வார்த்து அவர்களைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். பல நூற்றாண்டுக் கட்டுப்பாட்டை வைத்திருக்கும் ஒரு சமூகம் அப்படிச் செய்வது லேசான காரியமில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு ஐஎஸ் ஆட்கள் மூலம் பிறந்த பிள்ளைகள்? 2019இல் ஆன்மிக சபை வெளியிட்ட ஒரு அறிக்கை அவர்களுக்கும் இடம் தருவதுபோல இருந்தது. சில நாட்களிலேயே, அது வல்லுறவால் பிறந்த பிள்ளைகளைக் குறிக்கவில்லை என்று விளக்கம் வந்தது. ஈராக்கியச் சட்டமும் உதவவில்லை, தகப்பன் முஸ்லிம் என்றால் பிள்ளை முஸ்லிமாகவே பதியப்படும். பல தாய்மார் பிள்ளையா, ஊரா என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தது. ஜேர்மனியில் இப்போது மிகப் பெரிய யசீதிச் சமூகம் ஒன்று வாழ்கிறது. அங்கே வளரும் பிள்ளைகள் இந்தப் பிறப்பு விதி, பிரிவு விதி இரண்டையும் பற்றிப் பெற்றோரோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் எங்களுக்கு வேலை இல்லை.